ரூட்டருக்கு வைத்த பொட்டு

என் மேசைக்கு மேலே இருக்கும் பலகையில் ஒரு பழைய ரூட்டர் கிடக்கிறது. மின்சாரம் கொடுத்தால் இன்றைக்கும் எழுந்துவிடும், ஆனால் அதற்கு இப்போது வேலை எதுவும் இல்லை. சாம்பல் நிறம், இரண்டு சாண் அகலம், பின்பக்கம் வயர் சொருகும் துளைகள். முகப்பில் விளக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நடுவில் வைத்த குங்குமம் உதிர்ந்துபோய் மங்கலான சிவப்பு மட்டும் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் பழைய சாமான் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பொட்டைப் பார்க்கும்போது எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, திருச்சிக்காரர் ஞாபகம்தான் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். சிறிய கம்பெனிகளுக்கு இணைய இணைப்பு, கணினி வலையமைப்பு எல்லாம் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது வேலை. பாஸையும் சேர்த்து ஐந்து பேர். பாஸ் நல்ல மனிதர், ஆனால் எல்லாமே சத்தம்தான். தொலைபேசியைக் காதில் வைத்து அவர் பேசி நான் பார்த்ததில்லை, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அதைப் பார்த்துக் கத்துவார். நான் அங்கே சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஆறாவது மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். அப்பா லோரி ஓட்டுநர், அம்மா சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளியில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளோமாவை அம்மா கண்ணாடி போட்டு, தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தார். அதன் கீழே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறவனுக்குத் தவறு செய்ய அனுமதி கிடையாது என்று நான் நம்பினேன். தவறு என்று ஒன்று நடந்துவிட்டால் அது வேறு யாருடையதாகவோ இருந்தாக வேண்டும்.

திருச்சிக்காரர் ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், ஆண்டுதோறும் பாஸ் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே இருக்க முடியும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் அண்ணே, தம்பி, பாஸ் என்று எதையாவது சொல்லி ஒட்டிக்கொள்வோம். ‘சார்’ என்பது நடுவில் ஒரு மேசையைப் போட்டுவிட்டுப் பேசுவதுபோல இருந்தது. அவர் கடவுச்சொல் அடிக்கும்போது மறு கையால் விசைப்பலகையை மறைப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் லேப்டாப்பைப் பூட்டுவார். ரூட்டரோடு நேராகப் பேசுவதற்கு ஒரு நீல நிற வயர் உண்டு. அலுவலகத்தில் நல்லதாக இருந்த ஒரே வயர் அவர் பையில்தான் இருக்கும், கேட்டால் “நானே வர்றேன் சார்” என்று சொல்லி வருவாரே தவிர வயரைக் கையில் கொடுக்கமாட்டார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் படிக்கட்டில் போய் நின்று சன்னமாகப் பேசுவார். நான் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் சேர்த்துக்கொண்டே வந்தேன். எதற்கென்று தெரியாது, ஆனால் ஒருநாள் தேவைப்படும் என்று தோன்றியது.

அந்த ஆண்டு ஆயுதபூசை வெள்ளிக்கிழமை வந்தது. கிள்ளானில் எங்களுக்கு ஒரு பழைய வாடிக்கையாளர், துறைமுகத்துக்கு லோரி அனுப்பும் கம்பெனி. அந்த அலுவலகத்தை நடத்தும் ஆன்டி வியாழக்கிழமையே கூப்பிட்டு, பூசைக்கு எல்லாம் துடைக்கிறோம், அந்தக் கம்ப்யூட்டர் அலமாரியை மட்டும் உங்கள் ஆள் வந்து துடைத்துக் கொடுக்கட்டும் என்று சொன்னார். திருச்சிக்காரர் போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பிரிக்பீல்ட்ஸில் என் மேசையில் உட்கார்ந்தபடியே அந்த ரூட்டருக்கு நான் ஒரு வேலை செய்தேன். அதன் உள்ளே சின்ன மெமரி கார்டில் ஒரு மென்பொருள் கோப்பு இருக்கும். மின்சாரம் வந்ததும் அந்தக் கோப்பைப் படித்துத்தான் ரூட்டர் எழுந்திருக்கும். அதற்குப் புதிய கோப்பு வந்திருந்தது. கார்டில் இரண்டுக்கும் இடம் இல்லாததால் பழையதை அழித்துவிட்டு, எங்கள் சர்வரிலிருந்து புதியதை அனுப்பத் தொடங்கினேன். கோப்பு போய்ச் சேரச் சேரத் திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசையாக ஓடும். அவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. பத்து மணிக்குப் பாஸ் குரல் கொடுத்தார்.

“தம்பி, பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள சாமி கும்பிட்டு முடிக்கணும், எழுந்து வா.”

கற்பூரம் காட்டி, சுண்டலும் பொங்கலும் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது திரை உறைந்திருந்தது, தொடர்பு அறுந்துபோயிருந்தது. அது தினமும் நடப்பதுதான். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் தட்டாவிட்டால் ரூட்டர் தானே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆகிவிட்டது, கோப்பு முழுதாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். திரும்ப நுழைந்து பார்க்கலாம் என்று கை வைப்பதற்குள் பாஸ் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். “அடைச்சிரு லா. பொட்டு வெச்சாச்சுன்னா நாளைக்குக் காலையிலதான் தொடணும்.” வேலைப் பதிவில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டு லேப்டாப்பை மூடினேன். மூடியின்மேல் அவர் ஈரச் சந்தனத்தை அப்பினார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆன்டியின் அழைப்பு. இணைப்பு இல்லை, துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய பத்திரம் ஒன்றும் போகவில்லை, லோரிகள் வரிசையில் நிற்கின்றன, பெட்டியில் ஒரே ஒரு விளக்கு மஞ்சளாக எரிகிறது, அவ்வளவுதான். நான் சுங்கை வே வீட்டிலிருந்து பாஸைக் கூப்பிட்டேன். அவர் அலுவலகத்துக்கு வந்துவிட்டிருந்தார். “கடைசியா யாரு அங்க போனது?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “வியாழக்கிழமை திருச்சிக்காரர்தான் போனாரு பாஸ். துடைக்கறேன்னு எதையோ கழட்டியிருப்பாரு. அவர்மேல எனக்கு முதல்லேருந்தே ஒரு மாதிரிதான்.” பிறகு பாஸ் சொன்னார்: “திங்கக்கிழமை அந்த ஆளோட பெர்மிட்டுக்கு நான் கையெழுத்துப் போடணும். என்ன ஆச்சுன்னு நேர்ல பாத்துட்டுச் சொல்லு. அவரையும் அனுப்பறேன்.” நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியாக அங்கே போனவர் அவர்தானே.

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் நான் எங்கள் நிலையத்தில் ஏறியபோது, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த திருச்சிக்காரர் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது, இரண்டு கைகளும் அதன் ஜிப்பின்மேல் இருந்தன. வழக்கமாக “வாங்க சார்” என்பவர் அன்று தலையை மட்டும் அசைத்தார். குற்றமுள்ள மனிதன் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்தேன். ஷா ஆலம் தாண்டியதும் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றார். ரயில் நின்ற ஒரு கணத்தில் அவர் பேசியது தெளிவாகக் காதில் விழுந்தது. “திங்கக்கிழமை தெரிஞ்சிரும். அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாத.” எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோல இருந்தது. வேறு கம்பெனிக்குப் போகிறார், போகும் முன்னால் எங்கள் வாடிக்கையாளர்களைக் கலைத்துவிட்டுப் போகப் பார்க்கிறார். இதை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன்.

கிள்ளானில் அந்த அலுவலகத்துக்கு வெளியே லோரிகள் தெருமுனை வரை நின்றன. காலையில் நல்ல நேரம் பார்த்து டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தார்கள். நசுக்கிய இடத்திலேயே லோரிகள் நின்றுவிட்டதால் தெருவெல்லாம் எலுமிச்சை வாசம். கதவோரம் நின்ற ஓர் ஓட்டுநர் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“வந்துட்டாங்கய்யா டாக்டருங்க. என்னா தம்பி, பழத்த நசுக்கிட்டு நிக்கறோம், வண்டி ஒரு அடி நகரல. அந்தப் பெட்டிக்கும் அடியில ஒரு பழம் வெச்சிருக்கலாம்ல?”

“வெச்சிருந்தா இவங்களுக்கு வேல இருக்காதே,” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, திருச்சிக்காரரும் சிரிக்கவில்லை.

சாமிப் படங்கள் இருக்கும் அறைக்குப் பின்னால்தான் அந்த அலமாரி. கதம்பம் ஒரு முழம் அதன் குறுக்கே தொங்கியது. ரூட்டரின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அலமாரியைத் திறந்ததும் திருச்சிக்காரர் செய்த முதல் காரியம், கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தது. பிடித்ததும் திரையைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பி எதையோ தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆதாரம் சேர்க்கிறார் என்று நினைத்தேன். எதற்கு, யாருக்கு எதிராக?

நீல வயரைச் சொருகினார். ரூட்டர் எழுந்திருக்கவில்லை. எழுப்புவதற்கான கோப்பு கிடைக்காதபோது காட்டும் ஒற்றை வரியைக் காட்டிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோல் நின்றது. கார்டில் இருப்பதைப் பட்டியலிட்டார். புதிய கோப்பு இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பழசு எங்க சார்?”

“அத நான்தான் அழிச்சேன். இடம் பத்தல. புதுசு முழுசாதான் போச்சு,” என்றேன். “வியாழக்கிழமை துடைக்கறப்ப கார்டக் கழட்டுனீங்களாண்ணே?”

“கார்டத் தொடவே இல்ல சார்.”

“லேசா ஆட்டியிருந்தாக்கூட இப்படி ஆகும்.”

“தொடவே இல்லைங்கறேன்.” குரலை உயர்த்தவில்லை. கார்டைக் கழற்றி, என் கண்முன்னால் திரும்பச் சொருகிக் காட்டினார். அதே எண்தான் வந்தது. பிறகு தன் லேப்டாப்பில் ஒரு கோப்புறையைத் திறந்தார். அதில் இந்த ரூட்டரின் பழைய கோப்பு இருந்தது, அமைப்புகள் எல்லாமே இருந்தன. எனக்குச் சுருக்கென்றது. வாடிக்கையாளரின் சாமான் இவர் கையில் எதற்கு? கேட்டேன். “வியாழக்கிழமை துடைக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சேன். ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலதான விழும்,” என்றார். ‘நம்ம’ என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பழைய கோப்பை நீல வயர் வழியாகவே உள்ளே அனுப்பத் தொடங்கினார். அது மிக மெதுவான வழி, சாலையில் போக வேண்டிய சரக்கை ஆள் தலையில் வைத்து நடத்திக் கொண்டுபோவதுபோல. மூன்று மணி நேரம் ஆகும் என்றார். திரையில் ஒன்று, இரண்டு என்று விழுக்காடு ஏறத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். அவர் கண் திரையில் இருந்தது, என் கண் அவர் கையில். வயரைப் பிடுங்கிவிடுவாரோ என்று நான் பார்த்தேன். அவரும் அவ்வப்போது என் காலைப் பார்த்தார், தரையில் கிடந்த வயருக்கு அருகே அது போய்விடுகிறதா என்று.

பதினெட்டு விழுக்காட்டில் ஆன்டி தேநீரும் தோசைப் பொட்டலமும் கொண்டுவந்தார். “பசியாறிட்டீங்களா ரெண்டு பேரும்? மூஞ்சப் பாத்தா ஆசுபத்திரில உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. சாப்பிடுங்க லா, அது ஓடிப் போயிராது.” பிறகு பெட்டியைப் பார்த்து நாக்கைத் தட்டினார். “நேத்து எவ்ளோ அழகா சாமி கும்பிட்டோம். பத்தரைக்கு ராகு காலம்னு பத்து மணிக்கெல்லாம் அத்தனை மிஷினையும் அடைச்சு, மெயின் சுவிட்சையே அடைச்சுட்டேன். வருசா வருசம் அப்படித்தான். மறுநாள் காலையிலதான் தொறப்போம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

தோசை என் கையிலேயே நின்றுவிட்டது. பத்து மணி. பிரிக்பீல்ட்ஸில் பாஸ் என்னைச் சாமி கும்பிடக் கூப்பிட்ட அதே பத்து மணி. அதே ராகு காலத்துக்குப் பயந்து கிள்ளானில் ஆன்டி மெயின் சுவிட்சை அடைத்திருக்கிறார், என் ஆச்சரியக்குறிகள் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தபோது. தொடர்பு தானே அறுந்ததல்ல, ரூட்டரே அணைந்துவிட்டிருக்கிறது. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா பூசையன்று லோரிக்கு மாலை போட்டால் சாவியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். மறுநாள் வரை யார் வந்து நின்றாலும் எடுக்கமாட்டார். ஒரு தடவை லோரியின் சொந்தக்காரரான தவுக்கே எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து அவசரம் என்றபோதும் “இன்னைக்கு அதுக்கு லீவு முதலாளி” என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் வளர்ந்த நான், இருபது மைலுக்கு அப்பாலிருந்து, பூசை நாளில், ஓய்வுக்குப் போகவிருந்த ஒரு எந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போயிருக்கிறேன். வந்து பார்க்காமலேயே ‘முடிந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.

நிமிர்ந்தேன். திருச்சிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தேநீரைக் குடித்தார். எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது, அவர் சட்டைப் பையில் இருந்த படம். அதோடு இந்த எண்ணையும் ஆன்டி சொன்னதையும் சேர்த்து அவர் பாஸுக்கு அனுப்பிவிட்டால் என் ஆறாவது மாதம் வராது. அனுப்பாமல் இருந்தால், நான் காலையில் சொன்னதே நிற்கும். திங்கட்கிழமை பாஸ் கையெழுத்துப் போடமாட்டார். நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலே போதும், இந்த மனிதர் விமானம் ஏறிவிடுவார். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. அந்தச் சுலபத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

நாற்பத்தொன்றில் எழுந்து வெளியே போனேன். லோரி நிழலில் நின்று பாஸைக் கூப்பிட்டேன். “நான்தான் பாஸ். கோப்பு பாதியில நின்னிருக்கு. இவங்க பூசைக்கு அடைச்சிருக்காங்க, நான் திரும்பப் பாக்காமலே முடிஞ்சதுன்னு எழுதிட்டேன். அவர் எதையும் தொடல.” பாஸ் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கத்தாமல் பேசினார். “அப்ப காலையில எதுக்கு அந்த ஆளு பேரச் சொன்ன?” நான் வாயெடுப்பதற்குள் “திங்கக்கிழமை வா,” என்று வைத்துவிட்டார். எலுமிச்சை வாசத்துக்குள் அப்படியே நின்றிருந்தேன். உண்மையைச் சொன்னது நல்ல மனதினாலா, அந்தப் படத்துக்குப் பயந்தா என்று என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு நூறு வந்தது. ரூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. மஞ்சள் விளக்கு அணைந்தது, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. “வந்துருச்சு சார்,” என்றார். அடுத்த நிமிடமே வெளியே முதல் லோரியின் இன்ஜின் சத்தம் கேட்டது. வேலை அறிக்கையை எடுத்து, காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். “என்ன எழுதட்டும்?”

“நான் பாஸ்கிட்ட சொல்லிட்டேண்ணே. என் பேரையே எழுதுங்க.” பிறகு அடக்க முடியாமல் சொன்னேன். “காலையில எடுத்தீங்களே, அந்தப் படத்த இனி அனுப்ப வேணாம்.”

அவருக்குப் புரியவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். படத்தில் திரை இல்லை, எண் இல்லை, வயர் இல்லை. சந்தனப் பொட்டு வைத்த ரூட்டர் மட்டும், தலையில் கதம்பத்தோடு. கீழே அவர் எழுதியிருந்தது: ‘பாத்தியா, இங்கயும் பொட்டு வெச்சிருக்காங்க.’ மனைவியின் பதில்: ‘அதுக்கு வெச்சாங்க சரி. உங்களுக்கு யாரு வெச்சா?’

திங்கட்கிழமை பாஸ் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார். ரயிலில் அவர் மனைவியிடம் பேசியது அதைப் பற்றித்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அம்மாவிடம் கம்பெனி விதி மாறிவிட்டது என்று சொன்னேன். திருச்சிக்காரர் அதன்பிறகு இரண்டு ஆண்டு இருந்தார். ‘சார்’ கடைசிவரை ‘தம்பி’யாக மாறவே இல்லை, நீல வயரும் என் கைக்கு வரவில்லை. பிறகு ஊரோடு போய்விட்டார். அந்தக் கிள்ளான் அலுவலகம் புதிய ரூட்டர் வாங்கியபோது, பழையதைத் தூக்கிப் போடப்போன ஆன்டியிடம் நான் கேட்டு வாங்கி வந்தேன். “பொட்டத் துடைச்சிரு தம்பி, எறும்பு வரும்,” என்றார். துடைக்கவில்லை.

இந்த ஆண்டு ஆயுதபூசையன்று விடிந்ததும் அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். ‘இன்னுமா அந்தப் பொட்டு போகல?’ என்று கேட்டிருந்தார். இரண்டு முறை தட்டி அழித்துவிட்டு, மூன்றாவது முறை அனுப்பினேன்: ‘அன்னைக்குக் காலையில பாஸ்கிட்ட நான் உங்க பேரைத்தான் சொன்னேன்ணே. உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லல.’

பதில் குரல் பதிவாக வந்தது. பின்னால் குக்கர் விசில், ஒரு குழந்தை சத்தம். “தெரியும் சார். அவரு போனைக் காதுல வெச்சு என்னைக்குப் பேசியிருக்காரு? நான் எதிர் நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். ஒரு மாதிரின்னீங்களே, அதுவரைக்கும் கேட்டுச்சு. ரயில்ல அந்தப் பைய ஏன் அப்படிப் புடிச்சிட்டு வந்தேன்னு நெனச்சீங்க? உங்களத்தான் நான் நம்பல.” சிரித்தார். “லோரி நெழல்ல நின்னு நீங்க பேசினது ஜன்னல் வழியாக் கேட்டுச்சு. அதையும் கேட்டேன்.”

பதிவு அங்கே முடிந்துவிட்டது. நான் பலகையைப் பார்த்தேன். நான் படமெடுத்த பிறகு அம்மா வீடு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தபோது, இந்தப் பெட்டியையும் விடவில்லை போலிருக்கிறது. காய்ந்த பழைய சந்தனத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று, ஈரம் காயாமல் இருந்தது. அது எந்தத் துளையிலும் வழியவில்லைதானே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். வழியவில்லை. ஆனாலும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.